விறைப்பு மாத்திரையும் மற்ற மருந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விறைப்புக் குறைபாட்டுக்கு மாத்திரை எடுப்பவர்களில் நிறையப் பேர் அதை யாரிடமும் சொல்வதில்லை. இதய மருத்துவரிடம் சொல்ல மாட்டார்கள், வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். பல நேரம் மாத்திரையை எழுதிக் கொடுத்தவருக்கே இவர் வேறு என்னென்ன சாப்பிடுகிறார் என்பது தெரியாது. இந்த மாத்திரைகள் தனியாக இருக்கும்வரை பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானவைதான். வேறு சில மருந்துகளோடு சேரும்போதுதான் ஆபத்து வருகிறது. எது உயிருக்கே ஆபத்து, எதற்கு அளவைக் குறைத்தால் போதும், எதற்குக் கவலையே வேண்டாம் என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

எந்தெந்த மாத்திரைகளைப் பற்றிப் பேசுகிறோம்?

முக்கியமாக நான்கு. சில்டெனாஃபில், டாடலாஃபில், வார்டெனாஃபில், அவனாஃபில். வயாக்ரா என்பது சில்டெனாஃபிலின் முதல் வணிகப் பெயர், சியாலிஸ் என்பது டாடலாஃபிலுடையது. இப்போது பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்பதால், அட்டையின் முன்பக்கம் பெரிதாக அச்சடித்திருக்கும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

நான்குமே ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன. பாலுணர்வு தூண்டப்படும்போது ஆணுறுப்பின் நரம்புகளிலும் ரத்தக்குழாய்களிலும் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. அது சிஜிஎம்பி என்ற பொருளைக் கூட்ட, ரத்தக்குழாய்கள் தளர்ந்து ரத்தம் பாய்கிறது. பிடிஇ5 என்ற நொதி அந்தச் சிஜிஎம்பியைச் சிதைத்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். மாத்திரை இந்த நொதியைத் தடுக்கிறது. ஆனால் உடம்பின் மற்ற ரத்தக்குழாய்களிலும் இதே நொதி உண்டு. அதனால்தான் மாத்திரை போட்டதும் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது, முகம் சிவக்கிறது, தலை வலிக்கிறது. சில்டெனாஃபிலே முதலில் நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்ட மருந்துதான். விறைப்புக் குறைபாட்டுக்கென்று 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எவ்வளவு நேரம் உடம்பில் தங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், கீழே பல பதில்கள் அதை வைத்துத்தான் வரும். சில்டெனாஃபிலின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 4 மணி நேரம் ஆகும். டாடலாஃபிலுக்குச் சுமார் பதினேழரை மணி நேரம். வெள்ளி இரவு போட்ட டாடலாஃபில் ஞாயிறன்றும் உடம்பில் இருக்கும்.

எந்த மருந்தோடு சேர்க்கவே கூடாது?

நைட்ரேட் மருந்துகளோடு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு டைநைட்ரேட், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் ஆகியவை நைட்ரேட்டுகள். இதய நெஞ்சுவலிக்குத் தருவார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, வாயில் அடிக்கும் ஸ்பிரே, தோலில் ஒட்டும் பட்டை, களிம்பு, தினமும் விழுங்கும் மாத்திரை என்று பல வடிவங்களில் வரும். எந்த வடிவமானாலும் விதி ஒன்றுதான். ஆசனவாய் வெடிப்புக்குத் தடவும் நைட்ரோகிளிசரின் களிம்பும் இதில் அடக்கம். அதைத் தடவுகிறவர்கள் அது இதய மருந்து இல்லை என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

காரணம் எளிது. நைட்ரேட், நைட்ரிக் ஆக்சைடைத் தந்து சிஜிஎம்பியைக் கூட்டுகிறது. விறைப்பு மாத்திரை அது சிதையாமல் தடுக்கிறது. குழாயை முழுக்கத் திறந்துவிட்டு வடிகாலையும் அடைத்தால் எப்படி இருக்கும்? உடம்பு முழுக்க ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்துவிடும். மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் மயக்கம், மாரடைப்பு, மரணம் வரை போகலாம். அளவைக் குறைத்தும் இதைச் சமாளிக்க முடியாது. கால் மாத்திரைகூட வேண்டாம்.

நிகோராண்டில் என்ற நெஞ்சுவலி மருந்துக்குள்ளும் நைட்ரேட் பகுதி இருக்கிறது. அதற்கும் இதே தடைதான். உல்லாசத்துக்காகச் சிலர் முகரும் 'பாப்பர்ஸ்' எனப்படும் அமைல் நைட்ரைட் வகைத் திரவங்களும் இதே வேலையைச் செய்பவை. விருந்து இரவுகளில் இரண்டையும் சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

எனக்கு நெஞ்சுவலி எப்போதாவதுதான் வரும். நாக்கடி மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அப்போதுமா?

அப்போதும்தான். எப்போது வலி வரும் என்று உங்களுக்குத் தெரியாது. உடலுறவு இதயத்துக்கு வேலை வைக்கிற செயல், வலி அந்த நேரத்திலேயே வரலாம். வந்தால் கை தானாகப் பையைத்தான் தேடும்.

தினமும் நைட்ரேட் எடுப்பவர்களும், அவசரத்துக்கு வைத்திருப்பவர்களும் விறைப்பு மாத்திரையைத் தாங்களாக ஆரம்பிக்கக் கூடாது. இதய மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். உங்கள் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் இன்னும் தேவைதானா, வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று அவர் பார்ப்பார். பல ஆண்டுகளுக்கு முன் எழுதியது, இப்போது தேவைப்படாமலே தொடர்வதும் உண்டு. ஆனால் அதை நிறுத்தும் முடிவு அவருடையது. விறைப்பு மாத்திரை போடுவதற்காக நீங்களாகவே இதய மாத்திரையை இரண்டு நாள் விடுவது மிக ஆபத்தான கணக்கு.

மாத்திரை போட்ட பிறகு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது?

உடலுறவை நிறுத்துங்கள். அவசர ஊர்தியை அழையுங்கள். நாக்கடி மாத்திரையைத் தொடாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் அக்கறையோடு நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மருத்துவக் குழு வந்ததும் முதல் வாக்கியமாக, "நான் சில்டெனாஃபில் போட்டிருக்கிறேன், இத்தனை மணிக்கு" என்று சொல்லிவிடுங்கள். நேரம் முக்கியம். சில்டெனாஃபில் அல்லது வார்டெனாஃபில் என்றால் குறைந்தது 24 மணி நேரம், டாடலாஃபில் என்றால் குறைந்தது 48 மணி நேரம், அவனாஃபில் என்றால் குறைந்தது 12 மணி நேரம் கழியும்வரை நைட்ரேட் தரக்கூடாது என்பது பொது விதி. உங்களுக்குச் சிறுநீரக, கல்லீரல் கோளாறு இருந்தாலோ, மருந்தைத் தேக்கும் வேறு மாத்திரை எடுத்தாலோ இந்த இடைவெளி இன்னும் நீளும்.

மாரடைப்புக்கு நைட்ரேட் இல்லாமலும் சிகிச்சை செய்ய வழிகள் உண்டு. அதனால் சொல்லிவிட்டால் சிகிச்சை கிடைக்காது என்ற பயம் வேண்டாம். மனைவிக்கோ துணைக்கோ இது தெரிந்திருப்பது நல்லது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணமும் இதுதான். மயங்கிக் கிடப்பவரால் எதையும் சொல்ல முடியாது.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம். அம்லோடிபின், டெல்மிசார்டான், எனலாபிரில், மெட்டோப்ரோலால் போன்றவற்றோடு சேரும்போது அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கும். அம்லோடிபின் எடுப்பவர்களுக்குச் சில்டெனாஃபில் 100 மி.கி. கொடுத்துப் பார்த்தபோது, படுத்த நிலையில் மேல் எண் சராசரியாக 8, கீழ் எண் 7 கூடுதலாகக் குறைந்தது. அழுத்தம் சீராக இருப்பவருக்கு இது தாங்கக்கூடியதே. மூன்று நான்கு பிரஷர் மாத்திரைகளோ, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையோ சேர்ந்திருந்தால் குறைந்த அளவில் தொடங்குவது நல்லது. அழுத்தம் 90/50-க்குக் கீழே ஓடுபவர்கள், கடந்த 6 மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

புரோஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை எடுக்கிறேனே?

இதைக் கேட்டவர்களைவிடக் கேட்காதவர்கள்தான் அதிகம். டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின், டாக்சசோசின், டெராசோசின் எல்லாம் ஆல்ஃபா பிளாக்கர் வகை. இவையும் ரத்தக்குழாயைத் தளர்த்துபவை. விறைப்பு மாத்திரையோடு சேர்ந்தால், படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். இரவில் சிறுநீர் கழிக்க எழும் வயதானவர் கழிவறை வாசலில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது.

இதற்கு முழுத்தடை இல்லை, வரிசை முக்கியம். முதலில் ஆல்ஃபா பிளாக்கர் உடம்புக்குப் பழகி, தலைச்சுற்றல் இல்லாத நிலை வர வேண்டும். அப்புறம்தான் விறைப்பு மாத்திரை, அதுவும் இருப்பதிலேயே குறைந்த அளவில். ஏற்கெனவே விறைப்பு மாத்திரை எடுப்பவருக்குப் புதிதாக ஆல்ஃபா பிளாக்கர் தொடங்கினாலும் அதையும் சிறிய அளவில்தான் தொடங்க வேண்டும். டாம்சுலோசின் போன்றவை ரத்தக்குழாயை அவ்வளவாகப் பாதிக்காதவை, டாக்சசோசின் அதிகம் பாதிக்கும். டாடலாஃபில் 5 மி.கி.யைத் தினசரி எடுத்தால் அதுவே புரோஸ்டேட் தொல்லையையும் குறைக்கும் என்பதால், சிலருக்கு ஆல்ஃபா பிளாக்கரே தேவைப்படாமல் போகலாம். கேட்டுப் பாருங்கள்.

என் சீட்டில் ஏழெட்டு மருந்து இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?

ஒரு மாதிரிச் சீட்டை எடுத்துக்கொள்வோம். வயது 67. காலையில் அம்லோடிபின் 5 மி.கி., ஆஸ்பிரின் 75 மி.கி. இரண்டு வேளை மெட்ஃபார்மின் 500 மி.கி. இரவில் அடோர்வாஸ்டாடின் 10 மி.கி., டாம்சுலோசின் 0.4 மி.கி. இவர் கேட்பது சில்டெனாஃபில் 100.

முதல் பார்வை நைட்ரேட்டுக்கு. சீட்டில் இல்லை. ஆனாலும் வாய்விட்டுக் கேட்க வேண்டும், ஏனென்றால் நாக்கடி மாத்திரை பழைய சீட்டில் இருக்கலாம், வீட்டு அலமாரியில் இருக்கலாம். இல்லை என்கிறார், சரி. மெட்ஃபார்மின், அடோர்வாஸ்டாடின், ஆஸ்பிரின் மூன்றையும் தாண்டிப் போய்விடலாம். அம்லோடிபின் கவனத்தோடு சரி. டாம்சுலோசின் எப்போது தொடங்கியது? போன வாரம் என்றால் பொறுக்கச் சொல்ல வேண்டும், ஒரு வருடமாக என்றால் பிரச்சினை குறைவு. 65 வயதைத் தாண்டியவருக்கு மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கும் என்பதால் 100 அல்ல, 25 மி.கி.யில் தொடங்கவே மருத்துவர் எழுதுவார்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது அவர் பர்ஸிலிருந்து மடித்த இன்னொரு தாளை எடுக்கிறார். சளிக்காக வேறொரு மருத்துவர் நேற்று எழுதிய கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், 7 நாளைக்கு. கணக்கே மாறிவிட்டது. அது ஏன் என்று அடுத்த பதிலில்.

ஆன்டிபயாடிக்கோடு என்ன சிக்கல்? இரண்டும் வேறு வேறு வேலைதானே?

வேலை வேறுதான், ஆனால் வெளியேறும் வழி ஒன்று. இந்த மாத்திரைகளைக் கல்லீரலில் சிதைப்பது முக்கியமாக சிஒய்பி3ஏ4 என்ற நொதி. சில மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும். அப்போது நீங்கள் விழுங்கியது 50 மி.கி.யாக இருந்தாலும் உடம்பில் தேங்குவது பல மடங்காகிவிடும்.

எரித்ரோமைசின் சேர்ந்தால் சில்டெனாஃபில் ரத்தத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. கிளாரித்ரோமைசினும் அதே குணம். பூஞ்சைத் தொற்றுக்கு விழுங்கும் கீட்டோகோனசோல், இட்ராகோனசோலும் அப்படித்தான். இவற்றில் மோசமானது ரிட்டோனாவிர். எச்ஐவி சிகிச்சையில் வரும் இது, சில்டெனாஃபிலை 11 மடங்கு வரை ஏற்றிவிடும். அதனால் ரிட்டோனாவிர் எடுப்பவர்கள் 48 மணி நேரத்தில் 25 மி.கி.க்கு மேல் சில்டெனாஃபில் எடுக்கக் கூடாது. டாடலாஃபில் என்றால் 72 மணி நேரத்துக்கு 10 மி.கி. அவனாஃபில் கூடவே கூடாது. எச்ஐவி மருந்தான கோபிசிஸ்டாட்டுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. கோவிட்டுக்கு 5 நாள் தரும் நிர்மாட்ரெல்விர் மாத்திரையிலும் ரிட்டோனாவிர் கூடவே வருகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை.

டில்டியாசெம், வெராபமில் என்ற இதய மாத்திரைகள் இரண்டு வேலை செய்கின்றன. நொதியையும் ஓரளவு தடுக்கும், அழுத்தத்தையும் இறக்கும்.

எல்லா ஆன்டிபயாடிக்கும் இப்படி இல்லை. அசித்ரோமைசின் சில்டெனாஃபிலின் அளவை மாற்றுவதில்லை. சில நாள் சிகிச்சை என்றால் மிக எளிய வழி, அது முடியும்வரை விறைப்பு மாத்திரையைத் தள்ளிப்போடுவது.

கிரேப்ஃப்ரூட் சாறு?

கிரேப்ஃப்ரூட் என்பது ஆரஞ்சு வகையைச் சேர்ந்த ஒரு பழம். அதன் சாறு அதே நொதியைக் குடலில் தடுக்கும். மாத்திரை எடுக்கும் நாட்களில் தவிர்த்துவிடுங்கள். சாதாரண ஆரஞ்சுக்கு இந்தத் தடை இல்லை.

மாத்திரை வேலையே செய்யவில்லை. வேறு மருந்து காரணமாக இருக்குமா?

இருக்கலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால் ஆகியவை அதே நொதியை முடுக்கிவிடுபவை. மாத்திரை வேலை செய்வதற்குள் சிதைந்துவிடும். ரிஃபாம்பிசின் எடுத்தவர்களிடம் டாடலாஃபில் 88 சதவீதம் குறைந்துபோனது. இதைத் தெரியாமல் தானாகவே அளவை ஏற்றிக்கொண்டே போவது தவறு. காசநோய் சிகிச்சை முடிந்ததும் நொதி சில வாரங்களில் பழைய வேகத்துக்கு வந்துவிடும், அன்று அந்தப் பெரிய அளவு உண்மையிலேயே பெரிய அளவாகிவிடும்.

இன்னும் சாதாரணக் காரணமும் உண்டு. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் சில்டெனாஃபில் போட்டால் வேலை தொடங்கச் சுமார் ஒரு மணி நேரம் தாமதமாகும், உச்ச அளவும் குறையும். டாடலாஃபிலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

குடித்துவிட்டுப் போடலாமா?

ஓரிரு கோப்பை பெரும்பாலும் பிரச்சினை செய்யாது. நிறையக் குடித்தால், மதுவும் மாத்திரையும் இரண்டும் ரத்தக்குழாயை விரிப்பதால் தலைச்சுற்றல், நெஞ்சுப் படபடப்பு, எழுந்தால் தள்ளாட்டம் வரும். டாடலாஃபிலுக்கு இந்த எச்சரிக்கை குறிப்பாக உண்டு. தவிர, அதிக மது விறைப்பையே கெடுக்கும்.

மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறேன். விறைப்புக்கும் சீக்கிரம் விந்து வெளியாவதற்கும் சேர்த்து ஒரே மாத்திரையாகக் கிடைக்கிறதாமே?

செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவற்றோடு சில்டெனாஃபில் சேர்வதில் பெரிய ஆபத்தில்லை. அந்த மருந்துகளால் வந்த விறைப்புத் தொல்லைக்கே மருத்துவர்கள் இதைத் தருவதுண்டு.

நீங்கள் சொல்லும் இரட்டை மாத்திரை வேறு விஷயம். அதில் சில்டெனாஃபிலோடு டபாக்செடின் இருக்கும். டபாக்செடினும் மனச்சோர்வு மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. செர்ட்ராலினோடு அது சேர்ந்தால் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறிக் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரை போகலாம். டபாக்செடினுக்குத் தனியாகவே மயக்கம் வரவைக்கும் குணம் உண்டு, சில்டெனாஃபிலோடு சேர்ந்தால் அது கூடும். ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான், டிராமடால் வலி மாத்திரை ஆகியவற்றோடும் அது ஆகாது. பெட்டியில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வார்டெனாஃபிலுக்குத் தனியாக ஏதாவது?

இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை அது சிறிதளவு மாற்றும். அமியோடரோன், சோட்டலால், குவினிடின் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும்.

நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு ரியோசிகுவாட் எடுக்கிறேன்.

கூடவே கூடாது. நைட்ரேட் போலவே கண்டிப்பான தடை. அதே நோய்க்குச் சில்டெனாஃபில் 20 மி.கி. அல்லது டாடலாஃபில் எடுப்பவர்கள் வேறு பெயரில் அதே மருந்தை இரண்டாவது முறை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலிகை, 'இயற்கை' மாத்திரை என்றால் பயமில்லையே?

எனக்கு மிகுந்த பயம் அதில்தான். 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கலப்படம் கண்டுபிடித்த 776 துணை உணவுகளில் கிட்டத்தட்டப் பாதி, பாலியல் ஊக்கம் என்று விற்றவை. அவற்றில் அதிகம் கிடைத்தது சில்டெனாஃபில். அட்டையில் மூலிகைப் பெயர்தான் இருக்கும். நைட்ரேட் எடுப்பவர், "மருந்துதானே ஆகாது, மூலிகை எடுக்கிறேன்" என்று அதையே தேடிப் போகிறார். ஆபத்து நேராக அவரிடம் போய்ச் சேர்கிறது.

சிங்கப்பூரில் 2008-இல் நடந்தது இன்னும் கொடுமை. சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை பாதாளத்துக்கு விழுந்து மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். பலர் எடுத்திருந்த பாலியல் மாத்திரைகளில், சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. அப்படி ஒன்று உள்ளே இருக்கும் என்று விழுங்கியவருக்கும் தெரியாது, சிகிச்சை தந்தவருக்கும் முதலில் தெரியாது.

இரண்டு வகையைச் சேர்த்து எடுத்தால் பலன் கூடுமா? ஊசி மருந்தோடு?

இரண்டு விறைப்பு மாத்திரையைச் சேர்க்கக் கூடாது. ஆணுறுப்பில் போடும் அல்ப்ரோஸ்டாடில், பாப்பவெரின் ஊசியோடு மாத்திரை சேர்ந்தால் விறைப்பு தணியாமல் நின்றுவிடலாம். 4 மணி நேரத்துக்கு மேல் நின்றால் வெட்கப்பட நேரமில்லை, அவசரப் பிரிவுக்குப் போங்கள். தாமதித்தால் திசு நிரந்தரமாகப் பாழாகும்.

மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

வாயால் சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுங்கள். ஒரு தாளில் எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும் வரிசையாக எழுதி, நடுவில் "டாடலாஃபில் 10 மி.கி., வாரம் ஒரு முறை" என்று சேர்த்துவிடுங்கள். அவருக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான். பல் பிடுங்கப் போனாலும், கண் அறுவைக்குப் போனாலும் அதே தாளைக் காட்டுங்கள். மருந்தாளுநரிடமும் காட்டலாம். பல மருத்துவர்களின் சீட்டுகள் ஒன்றாகச் சேரும் இடம் பெரும்பாலும் அவருடைய மேசைதான்.

எனக்கு விறைப்பு குறைந்ததே வேறு மருந்தால்தான் என்று சந்தேகம். அதை நிறுத்திப் பார்க்கட்டுமா?

சந்தேகம் சரியாக இருக்கலாம். சிறுநீரைப் பெருக்கும் தையசைடு வகை மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன், இதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் குறைக்கும் பழைய பீட்டா பிளாக்கர்கள், மனச்சோர்வு மற்றும் மனநோய் மருந்துகள், ஃபினாஸ்டரைடு, ஓபியாய்டு வலி மருந்துகள் எல்லாம் விறைப்பைக் குறைக்கக்கூடியவை. ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். மருந்து தொடங்கிய தேதியையும் தொல்லை தொடங்கிய தேதியையும் குறித்துக்கொண்டு போங்கள். இரண்டும் ஒட்டி வந்தால் மாற்று மருந்து பற்றிப் பேசலாம். ஒட்டி வராவிட்டால் இதயத்தையும் சர்க்கரையையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தினுடையதைவிடச் சிறியவை, அடைப்பு முதலில் தெரிவது பெரும்பாலும் அங்கேதான்.